டெலிவரி வேலையில் எந்த நடத்தை வேலையைப் பறிக்கும்?

ஒரு பார்சல் தவறான வீட்டுக்குப் போய்விட்டது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு வேலை போவது அபூர்வம். அந்தப் பார்சலைச் சரியான ஆளிடம்தான் கொடுத்தேன் என்று பொய்யாகப் பதிவு செய்ததற்காக வேலை போவது சாதாரணமாக நடக்கிறது. டெலிவரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பிழைக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை கிடைக்கும். பிழையை மறைத்தால் பெரும்பாலும் வேலையே போகும்.

காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்பவரை மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெலிவரி ஊழியர் காலையில் ஹப்பை, அதாவது பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் கிடங்கை, விட்டுக் கிளம்பினால், திரும்பி வரும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. பிறருடைய பொருள், பிறருடைய பணம், பிறருடைய முகவரி, பல நேரங்களில் நிறுவனத்தின் வாகனம் என எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பில் இருக்கின்றன. வழியில் என்ன நடந்தது என்று நிறுவனம் தெரிந்துகொள்ள ஒரே வழி, அவர் விட்டுச்செல்லும் பதிவுகள். எந்த நிமிடத்தில் ஸ்கேன் செய்தார், அப்போது ஜிபிஎஸ் எந்த இடத்தைக் காட்டியது, வாசலில் எடுத்த படம், வாங்கிய கையெழுத்து, வாடிக்கையாளர் சொன்ன ஓடிபி ஆகியவைதான் அவை. இந்தப் பதிவை நம்ப முடியாது என்றாகிவிட்டால், அந்த ஊழியரிடம் இன்னொரு பார்சலைக் கொடுத்து அனுப்ப நிறுவனம் தயங்குகிறது. பணிநீக்கக் கடிதங்களில் ‘நம்பிக்கை இழப்பு’ என்ற காரணம் அடிக்கடி வருவது இதனால்தான்.

திறன் வேறு, நடத்தை வேறு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982-ல் நிறைவேற்றிய 158-ஆம் உடன்படிக்கை, ஒருவரை வேலையிலிருந்து நீக்க மூன்று வகைக் காரணங்களை மட்டும் ஏற்கிறது. ஊழியரின் திறன், ஊழியரின் நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை. கடைசியாகச் சொன்னது ஆள்குறைப்பு போன்றவற்றைக் குறிக்கும். அதற்கும் நம் பேச்சுக்கும் தொடர்பில்லை. முதல் இரண்டையும்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முயன்றும் ஒரு நாளின் பார்சல்களை முடிக்க முடியவில்லை என்றால் அது திறன் பற்றிய கேள்வி. முடிந்தும் செய்யாமல் விட்டால், அல்லது செய்யக்கூடாததைச் செய்தால், அது நடத்தை. திறன் குறைந்தவருக்குப் பயிற்சியும் அவகாசமும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. நடத்தை விஷயத்தில் அந்தப் பொறுமை அளவோடுதான் கிடைக்கும். அதனால் “மெதுவாக வேலை செய்கிறார்” என்று நிறுவனம் எழுதுகிறதா, “வேண்டுமென்றே தாமதிக்கிறார்” என்று எழுதுகிறதா என்பது உங்கள் வேலையையே தீர்மானிக்கக்கூடிய வேறுபாடு.

அந்த உடன்படிக்கையை உலக நாடுகளில் ஒரு பகுதிதான் ஏற்றிருக்கிறது. ஆனாலும் காரணம் காட்ட வேண்டும், ஊழியரின் பதிலைக் கேட்க வேண்டும் என்ற அதன் அடிப்படைகள் பல நாடுகளின் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. எங்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மொன்டானா தவிர்த்த மாநிலங்களில், சட்டம் தடுத்துள்ள பாகுபாடு போன்ற காரணங்களுக்காக அல்லாமல், எந்தக் காரணமும் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம் என்பதுதான் பொது விதி. தொழிற்சங்க ஒப்பந்தமோ தனி ஒப்பந்தமோ இருந்தால் நிலைமை மாறும். ஆகவே வேலையில் சேரும்போது தரும் நடத்தை விதிகளையும் பணி ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எது எச்சரிக்கைக்குரியது, எது உடனடி நீக்கத்துக்குரியது என்று நிறுவனம் எழுதி வைத்திருப்பது அங்கேதான்.

நடத்தைத் தவறுகளிலும் சிறியவை, பெரியவை உண்டு. தாமதமாக வருவது, சீருடை அணியாமல் வருவது, ஒரு ஸ்கேனைத் தவறவிடுவது, வாடிக்கையாளரிடம் எரிச்சலாகப் பேசுவது போன்றவற்றுக்குப் படிப்படியான நடவடிக்கைதான் வழக்கம். முதலில் வாய்மொழியாக, பிறகு எழுத்தில், பிறகு இறுதி எச்சரிக்கை, அதற்கும் மேல் போனால் நீக்கம். திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே நீக்கத்துக்குரியதாகும் தவறுக்கு, முன்கூட்டியே எழுத்தில் எச்சரிக்காமல் ஒருவரை நீக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 166-ஆம் பரிந்துரை சொல்கிறது. அதுவும் 1982-ல் வந்ததுதான். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. முதல் எச்சரிக்கைக் கடிதத்தை வெறும் காகிதம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள், இறுதிக் கடிதத்தில் அது தேதியோடு மேற்கோள் காட்டப்படும்போது திகைத்துப் போகிறார்கள். அதில் உள்ள விவரம் தவறு என்றால் அப்போதே எழுத்தில் மறுத்துவிட வேண்டும். மறுக்காத கடிதத்தை ஒப்புக்கொண்ட கடிதமாகத்தான் பிறகு வாசிப்பார்கள்.

பெரிய தவறுகள் இந்தப் படிகளில் ஏறுவதில்லை. ஒரே முறை செய்தாலும் முன்னறிவிப்புக் காலமோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க இடம் தருபவை அவை. கடும் ஒழுங்கீனம் என்பார்கள். டெலிவரித் தொழிலில் அவற்றில் முதலிடம் பொய்ப் பதிவுக்கு என்பது என் உறுதியான கருத்து.

பதிவில் எழுதும் பொய்

திருட்டு தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். பொய் ஸ்கேன் அந்த அளவுக்குத் தவறு என்று புதியவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. கூட வேலை செய்பவர்கள் அதைக் குறுக்குவழியாகச் சொல்லித்தருகிறார்கள், அவசரத்தில் கை தானாகச் செய்துவிடுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

வாசலுக்கே போகாமல் ‘ஆள் இல்லை’ என்று போடுவது இதில் மிகப் பரவலானது. அந்த வாடிக்கையாளர் வீட்டிலேயே காத்துக்கொண்டிருப்பார். கைபேசிக்குச் செய்தி வந்தவுடன் புகார் செய்வார். நிறுவனம் அந்த நிமிடத்தின் ஜிபிஎஸ் பதிவை எடுத்துப் பார்க்கும். வண்டி இரண்டு தெரு தள்ளி நின்றிருக்கும். இதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படாது. அதேபோல ‘முகவரி தவறு’, ‘வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்’, ‘வேறு நாளில் கொண்டுவரச் சொன்னார்’ என்று நடக்காததைப் போடுவதும் பொய்ப் பதிவுதான். நேரம் போதவில்லை என்பது உண்மையானால், நேரம் போதவில்லை என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கு எச்சரிக்கை வரலாம். எச்சரிக்கையோடு வேலையில் தொடர முடியும்.

அடுத்தது, தெருமுனையில் நின்றுகொண்டு பத்துப் பார்சல்களுக்கு மொத்தமாக ‘டெலிவரி ஆனது’ என்று அடித்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கொடுப்பது. எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பார்கள். ஸ்கேன் செய்த அந்த நொடியில் பல விஷயங்கள் ஓடத் தொடங்குகின்றன. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கால அளவு பல இடங்களில் டெலிவரி நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. விற்பனையாளருக்குப் பணம் போய்ச் சேர்வதும் அதையொட்டி நடக்கலாம். பொருளின் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து வாங்குபவருக்கு மாறிவிட்டதாகப் பதிவு காட்டுகிறது. அதற்கும் உண்மையில் கொடுப்பதற்கும் நடுவே வண்டி விபத்தில் சிக்கினாலோ, பை காணாமல் போனாலோ, நிறுவனம் தன்னிடம் இல்லை என்று பதிவு சொல்லும் பொருளுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறது. காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும்.

கையெழுத்து இன்னும் கவனிக்க வேண்டிய இடம். “நீங்களே போட்டுக்கோங்க” என்று வாடிக்கையாளர் உள்ளிருந்து குரல் கொடுப்பார். அவர் அனுமதித்தாலும் போடக்கூடாது. நாளை பொருள் வரவில்லை என்று அவரோ வீட்டில் வேறொருவரோ சொன்னால், திரையில் இருப்பது உங்கள் கையால் எழுதிய அவர் பெயர். 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் பல நிறுவனங்கள் கையெழுத்து வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்திப் படம் எடுத்தால் போதும் என்று விதியை மாற்றின. விதி மாறினால் அதன்படி நடக்கலாம். விதி மாறாதவரை கையெழுத்து என்றால் வாங்குபவரின் கையெழுத்துதான். ஓடிபியும் இப்படித்தான். போகும் முன்பே தொலைபேசியில் ஓடிபியை வாங்கிப் பதிந்துவிட்டு, பார்சலைக் காவலாளியிடம் விட்டுவருவது அந்தப் பாதுகாப்பையே பயனற்றதாக்குகிறது.

இன்னொருவருடைய லாகினில் வேலை செய்வது, வராத நண்பருக்காக வருகை பதிவது, இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் செயலியைப் பயன்படுத்துவது, வேறு வாசலில் எடுத்த பழைய படத்தை ஏற்றுவது ஆகியவையும் இதே வகை. இதில் பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. உணவு இடைவேளை எடுத்ததாகப் பதிந்துவிட்டு வேலை செய்துகொண்டே இருப்பதும் பொய் நேரப் பதிவுதான். நிறுவனத்துக்காகக் கூடுதலாக உழைத்தவரே அதற்காக நடவடிக்கைக்கு உள்ளாகிறார். ஓய்வு கொடுத்ததற்கான ஆதாரமாகச் சட்டம் அந்தப் பதிவைத்தான் பார்க்கிறது என்பதால் நிறுவனமும் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மேற்பார்வையாளரே பொய் ஸ்கேன் போடச் சொன்னால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி அல்ல. ஹப்பின் புள்ளிவிவரம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மிச்சமான பார்சல்களுக்கு ‘வாடிக்கையாளர் மறுத்தார்’ என்று போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தணிக்கை வரும்போது பதிவில் இருப்பது ஊழியரின் பெயர். சொன்னவரின் குரல் எங்கும் பதிவாகியிருக்காது. கீழே இருப்பவர் மட்டும் தண்டிக்கப்படும் இந்த நிலை பெரும் அநியாயம், இதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அப்படி ஒரு உத்தரவு வந்தால், மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “இந்தப் பார்சல்களை நான் இன்னும் கொண்டுபோகவில்லை. எந்தக் காரணம் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.” எழுத்தில் கேட்டால் பெரும்பாலோர் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். திரும்பப் பெறாவிட்டால், கேட்டதற்கான ஆதாரமாவது உங்களிடம் இருக்கும்.

பொருளும் பணமும்

பார்சலை எடுத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பொருளின் மதிப்பு கணக்கில் வராது. விலையுயர்ந்த கைபேசியை எடுத்தாலும் உடைந்த பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாலும் நீக்கத்துக்கு அதே காரணம்தான். சேதமானதால் எப்படியும் குப்பைக்குப் போகும் பொருள், பலமுறை அலைந்தும் கொடுக்க முடியாத பொருள், திருப்பி அனுப்பப்பட்ட பொருள் எதுவும் உங்களுடையதல்ல. எழுத்தில் அனுமதி இருந்தால் தவிர அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. சந்தேகம் எழுந்த ரூட்டில் சோதனைப் பார்சல் அனுப்பிப் பார்க்கும் பழக்கம் தபால் துறைகளிலும் கூரியர் நிறுவனங்களிலும் நெடுங்காலமாக உண்டு.

பிரிப்பதும் எடுப்பதற்குச் சமமாகவே பார்க்கப்படுகிறது. கிழிந்த உறை கண்ணில் பட்டால் உள்ளே பார்க்கத் தோன்றும். செய்ய வேண்டியது படம் எடுத்து, சேதம் என்று பதிந்து, ஹப்பில் ஒப்படைப்பது. அஞ்சலைப் பொறுத்தவரை இது வேலையோடு நிற்பதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அஞ்சல் ஊழியர் தபாலை முறையின்றித் திறந்தாலோ, மறைத்தாலோ, அழித்தாலோ, வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலோ 5 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டமும் இதைக் குற்றமாக்கியிருக்கிறது. கொண்டுபோக நேரமில்லாத தபால்களை வீட்டில் மூட்டையாக அடுக்கிவைத்த அஞ்சல் ஊழியர்கள் பற்றிய செய்திகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. அவர்களில் பலர் எதையும் திருடவில்லை. வேலை குவிந்ததைச் சொல்லப் பயந்தார்கள்.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் ஊழியர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வசூலான பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அவசரத் தேவைக்குச் செலவழித்துவிட்டு நாளை கட்டிவிடலாம் என்ற எண்ணம்தான் அது. கட்டிவிட்டாலும், நடுவில் அந்தப் பணம் உங்கள் கைச்செலவுக்குப் போனது கையாடல்தான். சொந்தப் பணத்தையும் வசூல் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். சில்லறை கொடுத்ததில் உண்மையாகவே கணக்கு உதைத்தால், அன்றைய கணக்கை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்றே சொன்ன பற்றாக்குறை கணக்குப் பிழையாகப் பார்க்கப்படும். ஒரு வாரம் கழித்துத் தணிக்கையில் வெளிவந்தால் உங்கள் பேச்சை நம்ப யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

சாலையில்

வண்டி ஓட்டுவதில் நிறுவனங்கள் சற்றும் விட்டுக்கொடுக்காதவை சில: மது அல்லது போதையில் ஓட்டுவது, உரிமம் இல்லாமல் ஓட்டுவது, விபத்தைச் சொல்லாமல் மறைப்பது, அனுமதியில்லாதவரை வண்டியில் ஏற்றுவது, வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுப்பது.

மது விஷயத்தில், தொழில்முறை ஓட்டுநருக்கான அளவு பொதுமக்களுக்கான அளவைவிடக் கடுமையாக இருப்பதைப் பலர் அறிவதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண ஓட்டுநருக்கு இரத்தத்தில் 0.08 சதவீதம் வரம்பு. கனரக வணிக வாகனம் ஓட்டுபவருக்கு 0.04. பணிக்கு முந்தைய 4 மணி நேரத்தில் அவர்கள் மது அருந்தவே கூடாது. இரவு குடித்தது காலையிலும் இரத்தத்தில் இருக்கலாம் என்பதால் ‘நேற்றுக் குடித்தது’ என்ற பதில் எடுபடாது. பரிசோதனைக்கு மறுப்பதையும் தேறாததற்குச் சமமாகவே பல நிறுவனங்கள் கருதுகின்றன. தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்பட்டால், அது விடுமுறை நாளில் சொந்த வண்டி ஓட்டியதற்காக நடந்திருந்தாலும், நிறுவனத்திடம் உடனே சொல்ல வேண்டும். உரிமம் போனது ஒரு பிரச்சினை. போனதைச் சொல்லாமல் ஓட்டியது அதைவிடப் பெரிய பிரச்சினை.

ஓடும் வண்டியில் கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதைச் சட்டம் தடை செய்ய வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே, பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக, சொல்கிறது. டெலிவரி ஊழியரின் சிக்கல், அவருடைய வேலைக் கருவியே கைபேசியாக இருப்பது. வரைபடம் பார்க்கவும் அழைப்பை ஏற்கவும் அதுதான் வேண்டும். தாங்கியில் பொருத்துவது, தொடும் முன் வண்டியை நிறுத்துவது என்ற இரண்டு பழக்கங்களை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

விபத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியில் லேசாக உரசிவிட்டது, யாரும் பார்க்கவில்லை, கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உரசியது எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். கிளம்பியது சட்டப்படி விபத்து இடத்தை விட்டு ஓடியதாகலாம், நிறுவன விதிப்படி மறைத்ததாகலாம். வண்டியில் கேமரா இருக்கலாம், எதிர்வீட்டில் கேமரா இருக்கலாம், நிறுவனத்தின் பெயர் வண்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. வண்டியை நிறுத்துங்கள், படம் எடுங்கள், உரியவரைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் விவரம் எழுதி வைத்துவிட்டு ஹப்புக்குச் சொல்லுங்கள்.

களைப்பும் இதில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக வாகன ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. சிறிய வண்டிகளிலும் இருசக்கர வாகனங்களிலும் டெலிவரி செய்பவர்களுக்குப் பல இடங்களில் இவ்வளவு தெளிவான வரம்பு இல்லை. முடிக்கவே முடியாத எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு, வேகமாக ஓட்டியதற்காக நீக்கும் நிறுவனம் தன் பொறுப்பை ஊழியர் தலையில் சுமத்துகிறது. அன்றன்று எத்தனை பார்சல் கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதி வைத்திருந்தால், மேல்முறையீட்டில் அது எடுபடும்.

வாசலில் நிற்கும் மனிதர்

வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகியவை பார்சலைக் கொடுப்பதற்காக மட்டுமே உங்களிடம் தரப்பட்டவை. வேலை முடிந்த பிறகு அந்த எண்ணுக்கு “வணக்கம், நினைவிருக்கிறதா” என்று ஒரு செய்தி அனுப்புவது பலருக்கு நட்பான செயலாகத் தோன்றலாம். அந்தச் செய்தியைப் பெறுபவர், குறிப்பாகத் தனியாக வசிக்கும் பெண், தன் வீடு தெரிந்த ஒரு அந்நியர் தன்னைத் தொடர்புகொள்கிறார் என்ற அச்சத்தோடுதான் படிப்பார். அந்த அச்சம் முழுக்க நியாயமானது. எந்த உள்நோக்கமும் இல்லை என்ற விளக்கம் இங்கே காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. ஐரோப்பாவில் 2018-ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் போன்றவை இருக்கும் நாடுகளில் இதற்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவதும், யாருடைய வீட்டுக்கு என்ன வந்தது என்று பேசுவதும் இதே வகையில் சேரும்.

பாலியல் சீண்டல், அடிதடி, மிரட்டல், சாதி, மதம், இனம், உடல் பற்றிய இழிசொல் ஆகியவை எந்தப் பணியிடத்திலும் நீக்கத்துக்குரியவை. 2019-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையும் துன்புறுத்தலும் அலுவலகத்துக்குள் மட்டும் நடப்பவை அல்ல, பணி நிமித்தமான பயணத்திலும் நடப்பவை என்கிறது. வாடிக்கையாளர் போன்ற வெளியாட்கள் தொடர்பான வன்முறையையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் இது ஊழியருக்கும் பாதுகாப்பு. வாடிக்கையாளர் கை ஓங்கினால், பூட்டிக்கொண்டு வெளியே விட மறுத்தால், ஆபாசமாக நடந்துகொண்டால், பார்சலைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கிருந்து விலகுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் ஹப்புக்கு எழுத்தில் சொல்லுங்கள். பதிலுக்குத் திட்டினாலோ தள்ளினாலோ, முதலில் ஆரம்பித்தது யார் என்பது விசாரணையில் பின்னுக்குப் போய்விடும்.

சொல்லாமல் தொடர்ந்து சில நாள் வராமல் இருந்தால், வேலையைத் தானே கைவிட்டதாகப் பல நிறுவனங்களின் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. எத்தனை நாள் என்பது உங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கும். மருத்துவமனையில் இருந்தாலும் உறவினர் மூலமாவது ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

எவற்றுக்காக நீக்கக்கூடாது

நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வராமல் இருப்பது நீக்கத்துக்குச் சரியான காரணம் ஆகாது என்று 158-ஆம் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிற்சங்கத்தில் சேர்வது, நிறுவனத்தின் சட்டமீறலைப் பற்றிப் புகார் செய்வது, கர்ப்பம், குடும்பப் பொறுப்பு, மதம், இனம், அரசியல் கருத்து ஆகியவற்றை 5-ஆம் பிரிவு விலக்குகிறது. டெலிவரி ஊழியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகியவரை அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது அது. பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க மறுப்பது இதற்கு நல்ல உதாரணம். மறுக்கும்போது “இந்த வண்டியை ஓட்ட மாட்டேன்” என்று மட்டும் சொன்னால் அது கீழ்ப்படியாமையாக எழுதப்படலாம். “பிரேக் பழுது. வேறு வண்டி கொடுத்தால் உடனே கிளம்புகிறேன்” என்று சொல்லி, பழுதைப் படம் எடுத்துப் பதிந்தால் உங்கள் நிலை தெளிவாக இருக்கும்.

செயலி வழியாக வேலை செய்பவர்களுக்குப் பணிநீக்கம் என்ற சொல்லே வராது. ஒருநாள் காலை கணக்கு முடக்கப்பட்டிருக்கும். பேச ஆள் இருக்காது. இவர்கள் ஊழியர்களா, தனி ஒப்பந்தக்காரர்களா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் மேலே சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த தளப்பணி, அதாவது செயலி வழி வேலை, பற்றிய நெறியாணை இதை ஓரளவு மாற்ற முயல்கிறது. கணக்கை முடக்கும் முடிவை இயந்திரம் அல்ல, மனிதர் எடுக்க வேண்டும். எழுத்தில் காரணம் தர வேண்டும். மறுபரிசீலனை கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். மற்ற நாடுகளுக்கும் இது அவசரமாகத் தேவை. செயலி வேலையில் கணக்கை இன்னொருவருக்கு வாடகைக்குக் கொடுப்பது முடக்கத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. உங்கள் பெயரில் வேறொருவர் செய்யும் குற்றத்துக்கும் விபத்துக்கும் முதலில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

விசாரணைக்கு அழைத்தால்

முதலில், குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் குறிப்பாணை வரும். சில நேரம் அதோடு பணியிடை நீக்கமும் வரும். பணியிடை நீக்கம் தீர்ப்பு அல்ல. விசாரணை முடியும்வரை விலக்கி வைப்பது மட்டும்தான். நடத்தையைக் காரணம் காட்டி நீக்கும் முன், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 158-ஆம் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு. பதில் சொல்லும்போது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று 166-ஆம் பரிந்துரை சொல்கிறது. அமெரிக்காவில் சங்க உறுப்பினர்களுக்கு, தண்டனையில் முடியக்கூடிய விசாரணையில் சங்கப் பிரதிநிதியை உடன் கேட்கும் உரிமையை 1975-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கேட்டால்தான் கிடைக்கும் உரிமை அது.

நீதிமன்றக் குற்றவழக்கு அளவுக்கு நிறுவனம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 1978-ஆம் ஆண்டின் ஒரு வழக்கிலிருந்து வரும் அளவுகோல் இப்படிக் கேட்கிறது: ஊழியர் தவறு செய்தார் என்று நிறுவனம் உண்மையாக நம்பியதா, அதற்கு நியாயமான அடிப்படை இருந்ததா, போதுமான அளவு விசாரித்ததா. ஆகவே “என்னைப் பிடிக்கவில்லை, அதனால் நீக்குகிறார்கள்” என்று வாதிடுவதைவிட, விசாரணையில் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று காட்டுவது பயன்தரும். ஜிபிஎஸ் பதிவின் நகல், ஸ்கேன் நேரப் பட்டியல், கேமரா காட்சி, புகாரின் வாசகம் ஆகியவற்றைக் கேளுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செய்த ஸ்கேன் தாமதமாகப் பதிவாகலாம். இப்படி ஏதும் நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், நடக்காததைச் சொல்லாதீர்கள். முதல் குற்றச்சாட்டில் தப்பித்து, விசாரணையில் சொன்ன பொய்க்காக நீக்கப்படுவதும் உண்டு.

“நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பிரச்சினை இல்லாமல் முடித்துக்கொள்ளலாம்” என்று சொன்னால், அன்றே எழுதாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ராஜினாமா செய்தவருக்குப் பல நாடுகளில் நீக்கத்தை எதிர்த்து முறையிடும் வழி அடைபட்டுவிடும் அல்லது மிகக் கடினமாகிவிடும். நீக்கக் கடிதம் வந்தால் அதில் முறையீட்டுக்கான கடைசித் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டப்படியான கெடுவும் பொதுவாகக் குறுகியது. சங்கத்தையோ தொழிலாளர் துறையையோ வழக்கறிஞரையோ அந்த வாரத்திலேயே அணுகிவிடுங்கள்.

பணியிடை நீக்கம் வந்த அன்றே நிறுவனத்தின் செயலியும் மின்னஞ்சலும் பெரும்பாலும் பூட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு உங்கள் பக்க ஆதாரத்தை எடுக்க முடியாது. ஆகவே வேலையில் இருக்கும்போதே ஒரு சிறிய நோட்டில் எழுதி வாருங்கள். வண்டியில் என்ன பழுது, எந்த நேரத்தில் யாரிடம் சொன்னீர்கள், எந்தப் பார்சல் எண்ணில் என்ன சிக்கல், மேற்பார்வையாளர் என்ன பதில் சொன்னார் என்பவை போதும். வாடிக்கையாளரின் பெயரையோ எண்ணையோ முகவரியையோ அதில் எழுதாதீர்கள், செயலித் திரையைப் படம் எடுத்து உங்கள் சொந்தக் கைபேசியில் சேர்க்காதீர்கள். உங்களைக் காப்பாற்ற எடுத்த அந்தப் படமே தரவு விதிமீறல் என்று புதிய குற்றச்சாட்டாகலாம். பார்சல் எண் இருந்தால், மற்ற விவரங்களை நிறுவனத்தின் பதிவிலிருந்து விசாரணையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.